செக்கரம்மாவும் கோழித் தோலும்

கோழியின் தோலை நினைத்து ஒரு மனுஷிக்குத் தூக்கம் போகுமா? செக்கரம்மாவுக்குப் போனது. தன் கன்னத்தில் மங்கு விழுந்தபோதுகூட ஒரே ஒரு முறை கண்ணாடி பார்த்துவிட்டு, 'கிடக்கட்டும் கழுதை' என்று அடுப்படிக்குப் போனவள் அவள். அப்படிப்பட்டவள் இப்போது யாரோ சாப்பிடப் போகிற கோழியின் தொடையில் கோடு விழுந்ததற்காக வாசற்படியில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

எதிரே கம்பெனி சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தான். சின்ன வயது, நல்ல பையன். யாரிடமும் கடுமையாகப் பேச வராது, அதனாலேயே கெட்ட செய்தி சொல்லும்போது ரொம்ப நேரம் எடுத்துக்கொள்வான். வெயிலைப் பற்றிப் பேசினான், தண்ணீரைப் பற்றிப் பேசினான், கடைசியில் செல்போனை அவள் பக்கம் திருப்பினான். இறகு உரித்த கோழிகள் கொக்கியில் வரிசையாகத் தொங்கின. தொடையிலும் முதுகிலும் சிவப்பாகக் கீறல்கள். சிலவற்றில் கீறலைச் சுற்றித் தோல் தடித்து, மஞ்சளாகப் பழுத்துப் போயிருந்தது.

"இது உங்க பேட்ச்தான் அக்கா."

"யாரு சொன்னா? எல்லாக் கோழியும் உரிச்சா ஒரே மாதிரிதான இருக்கும்?"

"வண்டி வாரியா பிரிச்சுத்தான் தொங்க விடுவாங்க. மாறாது. தோல் இப்படி இருந்தா முழுக்கோழியா விக்க முடியாது. பழுத்துப் போனத அப்படியே குப்பையில போடுறாங்க." அவன் செல்போனை மெதுவாகப் பைக்குள் வைத்தான். "போன பேட்ச்சும் இப்படித்தான். அடுத்ததும் இப்படியே வந்தா உங்களுக்குக் குஞ்சு எறக்க வேணாம்னு மேல சொல்லிட்டாங்க. நான் கெஞ்சித்தான் ஒரு பேட்ச் வாங்கிட்டு வந்திருக்கேன்."

ஏற்பாடு இதுதான்: குஞ்சும் தீவனமும் மருந்தும் கம்பெனியுடையவை. ஷெட்டும் உழைப்பும் வளர்க்கிறவருடையவை. வளர்ந்ததும் கம்பெனி வந்து பிடித்துக்கொண்டு போகும். குஞ்சு இறக்கவில்லை என்றால் ஷெட் என்பது வெறும் கூரை. நீளமான, யாருக்கும் உதவாத கூரை.

அந்தக் கூரையை அவள் எப்படிப் போட்டாள் என்பது தெருவுக்கே தெரியும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சட்டை தைக்கும் ஆலையில் வேலை. அதில் பாதிக் காலத்துக்கு மேல் செக்கர் உத்தியோகம், தைத்த சட்டையில் குறை இருக்கிறதா என்று பார்க்கிற வேலை, அந்தப் பெயரே அவளுக்கு நிலைத்துவிட்டது. மேசைக்கு இடது பக்கம் பார்க்காத சட்டைகள் குவியலாக வரும். ஒவ்வொன்றாக எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் விரித்து, தையலை இழுத்துப் பார்த்து, காலரைத் தடவி, பித்தானைத் திருகி, வலது பக்கம் வைக்க வேண்டும். அவள் கையைத் தாண்டி ஒரு பிசிறு நூல் போனதில்லை. 'கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள்' என்று மேனேஜர் சொல்வார், தைக்கிறவர்கள் அதையே பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வார்கள். ஆலையை மூடியபோது கைக்கு வந்ததை நகையாகவும் ஆக்கவில்லை, வங்கியிலும் போடவில்லை. வீட்டுக்குப் பின்னால் கிடந்த நிலத்தில் ஷெட் போட்டாள். பிறந்ததிலிருந்து அப்பா வீடு, மாமியார் வீடு, முதலாளி ஆலை என்று இருந்தவளுக்கு, 'இது என்னுது' என்று சொல்லிக்கொள்ள முதல்முதலாகக் கிடைத்த இடம் அது. பூட்டைத் தொங்கவிட்ட அன்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, காரணமே இல்லாமல் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தாள்.

ஆலை போனாலும் கை போகவில்லை. காய்கறிக்காரர் அவளைத் தூரத்தில் பார்த்தாலே கத்தரிக்காயைத் துணி போட்டு மூடுவார். மகள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறாள். அவள் காலையில் வீட்டை விட்டு இறங்குமுன் அம்மா கையில் மாட்டாமல் தப்பிப்பது ஒரு கலை. மாட்டினால் துப்பட்டா ஓரம், செருப்பு வார், காதுக்குப் பின்னால் அழுக்கு என்று எல்லாம் பரிசோதனை ஆகும்.

"அம்மா, நான் சட்டை இல்ல, ஆளு," என்று கத்திக்கொண்டே ஸ்கூட்டரைக் கிளப்புவாள்.

வீட்டுக்காரர் விஷயம் வேறு. அவர் ஒரு கிடங்கில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். நாற்காலியில் உட்காருவதையே ஆயுள் முழுக்க வேலையாகப் பழகிய மனிதர். அவரை எழுப்புவதும் மலையை நகர்த்துவதும் ஒன்று. எழுந்துவிட்டால் காலைத் தேய்த்துத் தேய்த்து நடப்பார். இவர் கொல்லைக் கதவுக்குப் போய்ச் சேர்வதற்குள் செக்கரம்மா சமையலை முடித்துவிடுவாள். 'அசமந்தம்' என்று அவள் வாயில் அவருக்குப் பெயர். எருமை மேல் மழை பெய்த மாதிரி அவர் அதையும் வாங்கிக்கொண்டு டீயைக் குடிப்பார்.

சரி, சூப்பர்வைசர் கெஞ்சி வாங்கிவந்த பேட்ச் இறங்கியது. மஞ்சள் பஞ்சு உருண்டைகளாகப் பெட்டி பெட்டியாகக் குஞ்சுகள். அவன் போவதற்கு முன் என்னென்ன செய்ய வேண்டும் என்று விரல் விட்டுச் சொன்னான். செக்கரம்மா ஒன்றையும் விடவில்லை. தரையில் பரப்பியிருந்த மரத்தூள் ஈரமானால் கோழியின் பாதம் வெந்து போகும் என்றான். தினமும் முள்வாரியால் கிளறி, கட்டி தட்டினதை அள்ளி வெளியே கொட்டினாள். தண்ணீர்க் குழாயில் கோழி கொத்திக் குடிக்கிற நிப்பிள்கள் சொட்டக் கூடாது என்றான். குழாய் நீளத்துக்கும் குனிந்து போய், ஒவ்வொரு நிப்பிளின் கீழும் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தாள். நாற்றம் கண்ணைக் கரித்தால் தோலையும் கரிக்கும் என்றான். படுதாவை ஏற்றி இறக்கிக் காற்றுக்கு வழி செய்தாள். தோலுக்கு உரம் என்று அவன் கொடுத்த தாதுப் பொடியைத் தண்ணீரில் கலந்து கொடுத்தாள். பலன் இல்லாமல் இல்லை. முந்தைய பேட்ச்சில் கறுத்துப் புண்ணாகிக் கிடந்த பாதங்கள் இந்தத் தடவை மகளின் குதிகாலைவிடச் சுத்தமாக இருந்தன.

கீறல் மட்டும் போகவில்லை.

"பறவைய மிரள விடாதீங்க அக்கா," என்று அவன் போனில் சொன்னான். "மிரண்டா ஒண்ணு மேல ஒண்ணு ஏறும். நகம் பட்டாப் போதும். இதுங்க வேகமா வளருதுங்க, முழுசா இறகு மூடறதில்ல. தோல் காகிதம் மாதிரி. அந்தக் கீறல் வழியாத்தான் கிருமி உள்ள போவுது."

இதைக் கேட்டதும் செக்கரம்மா வரிந்து கட்டிக்கொண்டு கிளம்பினாள். மிரட்டுவது யார்? முதலில் நாய். வருஷக்கணக்காகக் கொல்லையில் படுத்திருந்த, குரைப்பதையே மறந்துபோன கிழட்டு நாயை முன்வாசலுக்குத் துரத்தினாள். அடுத்தது வீட்டுக்காரரின் ரேடியோ. அது அலமாரி மேலே ஏறியது. மகள் ஸ்கூட்டரைத் தெருமுனையிலிருந்து தள்ளிக்கொண்டு வர வேண்டும் என்று உத்தரவானது. தீவன வண்டிக்காரர் ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டார். அவர் இருபது வருஷ அனுபவத்தில் கேட்டிராத வார்த்தைகளை அன்று கேட்டார். பக்கத்து வீட்டுக் கொழுந்தன் முறைக்காரர் கொல்லையில் தும்மியதற்கு ஒரு சண்டை.

"தும்மல அடக்கினா மூக்கு வெடிச்சிடும் அண்ணி!"

"வெடிச்சா வெடிக்கட்டும். கோழி மிரளக் கூடாது."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவள் கூடத்தை மட்டுமா சொன்னாள்? தெருவையே கோணல் என்றாள்.

இத்தனையும் செய்துவிட்டு, காலையிலும் சாயங்காலமும் ஷெட்டுக்குள் போய் அவள் செய்த காரியம் ஒன்று உண்டு. அதைச் சொன்னால்தான் கதை புரியும். ஒரு பழைய தகரத் தட்டியைக் கையில் எடுத்துக்கொள்வாள். ஷெட்டின் ஒரு பகுதிக் கோழிகளை அந்தத் தட்டியால் தள்ளித் தள்ளி இடது சுவர் ஓரமாக ஒதுக்குவாள். பிறகு ஓரத்திலிருந்து ஒன்றைக் காலைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் கவிழ்த்து, இறகை ஊதி விலக்கி, முதுகு, தொடை, வயிறு என்று விரலால் தடவிப் பார்த்து, வலது பக்கம் விடுவாள். அப்புறம் அடுத்தது. பார்க்காதது இந்தப் பக்கம், பார்த்தது அந்தப் பக்கம். இல்லையென்றால் பார்த்ததையே திரும்பப் பார்க்க நேரும், வேலை நேர்த்தியாக இருக்காது அல்லவா? கீறல் விழுந்ததைத் தனியே பிரித்து மஞ்சள் மருந்து தடவுவாள். நேற்றுப் பார்த்த இடத்தில் இன்று புதிதாகக் கீறல் இருக்கும். மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் பார்ப்பாள். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம் அதிகமாகக் கீறல் இருக்கும்.

"எவனோ வேணும்னே பண்றான்," என்றாள் ஒருநாள், சோற்றுத் தட்டை டம்மென்று வைத்து.

"யாரு? கோழி மேல யாருக்கு என்ன விரோதம்?" என்றார் வீட்டுக்காரர்.

"கம்பெனிக்காரன் நகம் வளர்ற ஜாதிக் குஞ்சா பாத்து நமக்கு எறக்கிட்டான். தீவனத்துல என்னத்தக் கலக்குறானோ."

"எல்லாருக்கும் அதே குஞ்சு, அதே தீவனம்தான?"

"நீங்க பேசாதீங்க. ஒரு நாளாவது உள்ள வந்து ஒரு கோழியத் தூக்கிப் பாத்திருக்கீங்களா?"

அவர் மோர் ஊற்றிக்கொண்டார். அவர் மோர் ஊற்றிக்கொண்டதே அவளுக்கு ஆத்திரமாக இருந்தது. இந்த வீட்டில் ஒரு ஜீவனுக்காவது பயம் இருக்கிறதா? குஞ்சு வராவிட்டால் என்ன ஆகும் என்று யாராவது யோசிக்கிறார்களா? வேறு ஆலை எங்கேயாவது, வேறு யாரோ மேனேஜர், இந்த வயதில் மறுபடி மணி அடித்ததும் ஓடிப்போய் நிற்க வேண்டும். சத்தம் போட்டு அழக்கூட முடியவில்லை, கோழி மிரளும்.

அந்த எரிச்சலில்தான் கால் உடைந்தது. கோழிகள் பாதி வளர்ந்திருந்த சமயம். தண்ணீர்த் தொட்டியைக் கழுவி விட்டு, 'இந்தப் பாசியைத் தேய்க்கக்கூட ஒரு நாதி இல்லை' என்று புலம்பிக்கொண்டே திரும்பியவள், அந்தப் பாசியிலேயே வழுக்கினாள். கணுக்காலில் எலும்பு விரிசல். ஆஸ்பத்திரியில் முழங்கால் வரை மாவுக்கட்டுப் போட்டு, எழுந்திருக்கவே கூடாது என்று அனுப்பினார்கள். ஒரு ஊன்றுகோலும் கொடுத்தார்கள், கழிவறைக்குப் போக மட்டும்.

காலைவிட அதிகமாக அவளுக்கு வலித்தது இடுப்பிலிருந்து சாவியைக் கழற்றி வீட்டுக்காரர் கையில் கொடுத்ததுதான்.

"போச்சு," என்றாள் மகளிடம். "எல்லாம் போச்சு. இவரு கையில குடுக்கறதும் பூனை கையில பாலைக் குடுக்கறதும் ஒண்ணு."

"பூனையாவது எந்திரிச்சு வந்து குடிக்கும்மா," என்றாள் மகள்.

ஷெட்டின் கம்பிவலைக்கு வெளியே, வேப்பமரத்து நிழலில் ஒரு நாற்காலியைப் போடச் சொல்லி அங்கே குடியேறினாள். கட்டுப் போட்ட காலை ஒரு முக்காலியில் நீட்டிக்கொண்டு, வலை வழியாக வீட்டுக்காரர் வேலை செய்கிற லட்சணத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க ரத்தம் கொதித்தது. அவர் உள்ளே போகுமுன் கதவை இரண்டு தட்டுத் தட்டுவார். கிடங்குப் பழக்கம்.

"எதுக்குத் தட்டுறீங்க? கோழி வந்து தாழ்ப்பாளத் தொறக்குமா?"

அவர் உள்ளே போவார். என்னவோ ஒரு மெட்டு, எந்தப் பாட்டிலும் சேராதது, மூக்கால் முனகிக்கொண்டு, காலைத் தேய்த்துத் தேய்த்து ஒரு சுவர் ஓரமாகப் போய் மறு சுவர் ஓரமாக வருவார். செத்தது ஏதாவது கிடந்தால் எடுப்பார். தீவனத் தட்டுகளை எட்டிப் பார்ப்பார். நிப்பிள் சொட்டினால் திருகுவார். அவர் கால் கிட்டே வரும்போது கோழிகள் சோம்பலாக எழுந்து இரண்டடி நகரும், அவர் தாண்டியதும் அதே இடத்தில் உட்காரும். அவருக்கேற்ற கோழிகள், என்று செக்கரம்மா நினைத்துக்கொண்டாள்.

"தூக்கிப் பாத்தீங்களா?"

"ம்."

"கீறல் இருக்கா?"

"ம்ஹூம்."

"நல்லா வெளிச்சத்துல பாத்தீங்களா? தொடைக்கு உள்பக்கம்?"

"ம்."

வலைக்கு அந்தப் பக்கம் பாதி ஷெட்தான் தெரியும். மீதியில் அவர் தூக்கினாரா இல்லையா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தூக்கியிருக்க மாட்டார் என்று உள்மனம் சொன்னது. நாற்காலியில் உட்கார்ந்த இடத்திலேயே விரல்கள் துறுதுறுத்தன. வேலை இல்லாத கை சும்மா இருக்காமல் மாவுக்கட்டின் ஓரத்து நூலைப் பிரித்துக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் வீட்டுக்காரர் சோடா குடித்துவிட்டு வருகிறேன் என்று தெருவுக்குப் போனார். மகள் வேலைக்குப் போயிருந்தாள். செக்கரம்மா ஊன்றுகோலை எடுத்தாள். 'ரெண்டே ரெண்டு கோழி. ரெண்டைத் தூக்கிப் பார்த்தால் நிலவரம் தெரிந்துவிடும்.' நொண்டி நொண்டிப் போய்க் கதவைத் திறந்து உள்ளே ஒரு காலை வைத்தாள்.

கிட்டே படுத்திருந்த கோழி தலையைத் தூக்கியது. அதற்குப் பக்கத்தில் இருந்தது தூக்கியது. அவ்வளவுதான் அவள் பார்த்தது. அடுத்த நொடி ஷெட்டே எழுந்து ஓடியது. எங்கே? இடது சுவருக்கு. அவள் தட்டியை எடுக்கவில்லை, கையை வீசவில்லை, சத்தம் போடவில்லை. அவளைப் பார்த்ததும் தாமாகவே இடது சுவருக்கு ஓடி, பார்க்காத குவியலாகப் போய் நின்றன. நின்றனவா? முன்னால் போனது சுவரில் முட்டியது, பின்னால் வந்தது அதன் முதுகில் ஏறியது, அதன் மேல் இன்னொன்று. இறக்கை அடிக்கிற சத்தத்துக்கு அடியில் இன்னொரு சத்தம் கேட்டது. அட்டைப் பெட்டியை ஆணியால் பிறாண்டுகிற மாதிரி மெல்லிய சத்தம்.

செக்கரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கால் எப்படி ஓடும்? முன்னே போனால் இன்னும் ஏறும். திரும்பினால் ஊன்றுகோல் தரையில் இடிக்கும். அப்படியே மரம் மாதிரி நின்றாள். வேர்வை கழுத்திலிருந்து முதுகுக்கு இறங்கியது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, மேலே ஏறியிருந்தவை ஒவ்வொன்றாக இறங்கின. அடியில் கிடந்தவை மூச்சு வாங்கிக்கொண்டு எழுந்தன. அதில் ஒன்று தள்ளாடித் தள்ளாடி அவள் பக்கமாக நகர்ந்து வந்தது. இறகு மூடாத அதன் முதுகில் ஒரு கோடு. வெள்ளையாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சிவப்பானது.

கீறல் எப்படிப் பிறக்கிறது என்பதை அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. இத்தனை பேட்ச்சிலும் கையில் இருந்த கோழியைப் பார்த்தாளே தவிர, கையில் இல்லாத கோழிகள் அந்த நேரத்தில் என்ன செய்கின்றன என்று திரும்பிப் பார்த்ததில்லை. சட்டைக் குவியல் ஒன்றின் மேல் ஒன்று ஏறினால் என்ன கெட்டுப் போகும்? ஒன்றும் கெடாது. அங்கே கற்ற வித்தையை அப்படியே இங்கே கொண்டுவந்து போட்டிருக்கிறாள். நாயைத் துரத்தினாள், ரேடியோவைப் பிடுங்கினாள், தும்மினவனோடு சண்டை போட்டாள். காலையும் சாயங்காலமும் தகரத்தோடு உள்ளே போனது யார்? வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது, மேய்ந்துவிட்டு விளைச்சல் இல்லை என்று ஊரெல்லாம் வைது தீர்த்திருக்கிறது.

வீட்டுக்காரர் சோடா ஏப்பத்தோடு திரும்பியபோது அவள் ஷெட்டுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருந்தாள்.

"விழுந்துட்டியா?" என்று பதறி, அவர் ஆயுளில் முதல்முறையாக வேகமாக நடந்து வந்தார்.

"நீங்க ஒரு கோழியக்கூடத் தூக்கிப் பாக்கல. பொய் சொன்னீங்க."

"பொய் எங்க சொன்னேன்? ம்னு சொன்னேன்."

"எதுக்குத் தூக்கல? உண்மையச் சொல்லுங்க. தூக்கினா கீறும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருந்துதா? தெரிஞ்சே எங்கிட்ட சொல்லாம இருந்தீங்களா?"

அவர் விழித்தார். "எனக்கென்ன தெரியும்? குனிஞ்சா இடுப்பு புடிச்சுக்குது. அதான் தூக்கல."

புத்தியால் செய்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். தெரிந்து சொல்லாமல் இருந்தார் என்றால் சண்டையாவது போட்டிருக்கலாம். இடுப்பு வலி! அவள் உயிரைக் கொடுத்து உழைத்தது கோழியைக் கீறியது, அவருடைய சோம்பேறித்தனம் காப்பாற்றியது. இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அங்கே கிடந்த ஊன்றுகோலை எடுத்து எறியப் போய், கோழி மிரளும் என்று மெதுவாகக் கீழே வைத்தாள்.

அதற்குப் பிறகு அவள் உள்ளே போகவில்லை. நாற்காலியை வலையை விட்டு இன்னும் தள்ளிப் போடச் சொன்னாள். கோழி பிடிக்கிற ஆட்கள் வந்த அன்று தூரத்திலிருந்தே, "மெதுவா, மெதுவா," என்று கிசுகிசுப்பாகக் கத்தினாள். கிசுகிசுப்பாகக் கத்துவது எப்படி என்று அவளைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்.

சில நாள் கழித்து சூப்பர்வைசர் வந்தான். இந்தத் தடவை வெயிலைப் பற்றியும் பேசவில்லை, தண்ணீரைப் பற்றியும் பேசவில்லை. அவள் கால் உடைந்ததிலிருந்து ஷெட்டைப் பார்த்துக்கொண்டது யார் என்று அவனுக்குத் தெரியும், வண்டியை நிறுத்தியதும் நேராக வீட்டுக்காரரிடம் போனான்.

"கையக் குடுங்க அண்ணே! தோல் அவ்வளவு சுத்தம். பழைய கீறல் கொஞ்சம் இருந்துச்சு, அதுவும் ஆறிப்போன தழும்பு. புதுசா ஒண்ணு ரெண்டுதான். என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல," என்றார் அவர் உள்ளபடியே.

"பாத்தீங்களா அக்கா, எவ்வளவு அடக்கம்!"

செக்கரம்மா யோசித்தாள். சொல்லாமல் விட்டால் யாருக்குத் தெரியப் போகிறது? மருந்து இப்போதுதான் வேலை செய்தது என்று சொல்லிவிடலாம். ஆனால் ஆலையில் அவளே ஒரு தடவை பித்தான் மாற்றித் தைத்துவிட்டு, தன் சட்டையைத் தானே குப்பையில் ஒதுக்கினவள். தப்பைக் கண்டால் அது யாருடையதாக இருந்தாலும் அவளால் சும்மா விட முடியாது.

"அவரு அடக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல," என்றாள். தகரத் தட்டியிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடையக் கூடாது என்று கோபமாகவே சொன்னாள். கேட்கிறவனுக்கு அவள் அவனைத் திட்டுகிறாளோ என்றிருந்தது.

சூப்பர்வைசர் தலையைச் சொறிந்தான். "நான் வர்றப்ப நீங்க இப்படிப் பண்ணி நான் பாக்கவே இல்லையே அக்கா. பாத்திருந்தா சொல்லியிருப்பேன்." பிறகு தயங்கித் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "குஞ்சு எறக்கறேன். அதுல சந்தேகமே இல்ல. ஆனா உள்ள அண்ணனே போகட்டும். நீங்க வெளி வேலையப் பாத்துக்குங்க."

"நானா? எப்பவுமேவா?" என்று வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் முகத்தில் அப்படியொரு கலவரத்தை அவள் கல்யாண நாளில்கூடப் பார்த்ததில்லை.

சூப்பர்வைசர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை, அதுதான் பொறுக்க முடியவில்லை. ஷெட் பிழைத்துவிட்டது. 'என்னுது' என்று பூட்டிய இடத்துக்குள் போக மட்டும் அவளுக்கு இனி வேலை இல்லை.

கட்டுப் பிரித்த பிறகும் சாவி அவரிடமே இருந்தது. அவளும் கேட்கவில்லை, அவரும் நீட்டவில்லை. அவர் முனகிக்கொண்டே ஷெட்டைக் கழுவினார், சுண்ணாம்பு அடித்தார், புது மரத்தூள் கொட்டிப் பரப்பினார். மறுநாள் காலையில் குஞ்சு வருவதாக இருந்தது. அன்று சாயங்காலம் அவர் ஷெட்டைப் பூட்டப் போனபோது பின்னாலேயே போய் நின்றாள்.

"பூட்டாதீங்க. உள்ள போங்க."

"எதுக்கு? உள்ளதான் ஒண்ணுமே இல்லையே."

"நடந்து காட்டுங்க. நீங்க நடக்கற மாதிரி."

அவளுக்கு என்ன ஆயிற்று என்று அவர் ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு கதவை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு உள்ளே போனார். காலைத் தேய்த்துத் தேய்த்து, மூக்கால் முனகிக்கொண்டு, சுவர் ஓரமாக நடந்தார். அவர் பின்னால் அவள் நடந்தாள். நாலு எட்டில் அவரை இடித்தாள்.

"மெதுவா," என்றார்.

"இதுக்கு மேல மெதுவா நடந்தா நின்னுட மாட்டேன்?"

"நிக்கலாம். நின்னா என்ன?"

அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி நடந்தாள். ஆடிக்கொண்டே வந்த கைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னார், கட்டிக்கொண்டாள். பாதி ஷெட் வரை சரியாகத்தான் போனது. தண்ணீர்க் குழாயில் ஒரு நிப்பிள் லேசாகக் கோணியிருந்தது. கை தானாக அவிழ்ந்து, விருட்டென்று போய் அதைப் பிடித்துவிட்டது.

முனகல் நின்றது. அவர் திரும்பிப் பார்த்தார். வெற்றுத் தரையைச் சுற்றிலும் பார்த்தார், அங்கே நிஜமாகவே கோழிகள் இருந்து, எல்லாம் எழுந்து ஓடிவிட்டதைப் பார்க்கிற மாதிரி. பிறகு இடது சுவரைப் பார்த்தார். அவளும் பார்த்தாள்.

"மொதல்லேர்ந்து," என்றார்.

ஆலையில் எத்தனை பேரிடம் எத்தனை சட்டைகளைத் திருப்பித் தள்ளியிருப்பாள்! ஒருவருக்காவது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்ததில்லை. கண்ணில் தண்ணீர் முட்டியது, துடைக்கக் கையை எடுக்கவில்லை. நிப்பிளைக் கோணலாகவே விட்டுவிட்டு, கதவு வரைக்கும் திரும்பிப் போய், இரண்டு தட்டுத் தட்டி, மறுபடி உள்ளே நடந்தாள்.